அம்மாமண்டபத்துக்குப் போன மாலை

காலையில் எழுந்து மோட்டார் போட்டேன். தொட்டி நிறையும்வரை பல் தேய்த்தேன். முதல் நாள் பாலைச் சுடவைத்துக் காபி கலந்தேன். ஒரு டம்ளர். குடித்துவிட்டு டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தேன். குளித்தேன். வேட்டியா பேண்ட்டா என்று யோசித்துவிட்டுப் பேண்ட் போட்டுக்கொண்டேன். கேஸ் மூடியிருக்கிறதா என்று பார்த்தேன். வெளியே விடியவில்லை. ஓசூரில் ஆடி மாதத்திலும் அந்த நேரத்துக்குக் குளிரும்.

பிறகு கூடத்துக்கு வந்து கல்யாணப் போட்டோவின் இரண்டு பக்கமும் தொங்கிய மாலைகளை ஆணியிலிருந்து கழற்றினேன்.

போன ஆவணியில் போட்டுக்கொண்ட மாலைகள். சம்பங்கி பழுப்பாகிச் சுருங்கியிருந்தது. இடையிடையே வைத்துக் கட்டிய வெட்டிவேர் மட்டும் அப்படியே இருந்தது. வாசனைகூட இருந்தது. எடுத்துப்போக ஒரு பை வேண்டும். சமையலறைக் கதவில் துணிப்பை ஒன்று தொங்கியது. வைஷ்ணவி அதில் வெங்காயம் போட்டு வைப்பாள். வெங்காயத்தைத் தரையில் கொட்டிவிட்டுப் பையை உதறினேன். ‘சுரேஷ்குமார் – யமுனா திருமண விழா, வருகைக்கு நன்றி’ என்று சிவப்பில் அச்சடித்திருந்தது. எங்கள் தெருக் கல்யாணம். மாசியில் நானும் அவளும் போயிருந்தோம். தேங்காயும் வெற்றிலை பாக்கும் போட்டுக் கொடுத்த தாம்பூலப் பை. மாலைகளை மடித்து உள்ளே வைத்து, வாயை முடிந்தேன்.

வைஷ்ணவி என் மனைவி. பங்குனியில் இறந்துபோனாள். வயிற்றுவலி என்று ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். கருக்குழாயில் தங்கிய கரு வெடித்துவிட்டது, உடனே ஆபரேஷன் செய்ய வேண்டும் என்றார்கள். கரு இருந்ததே எங்களுக்குத் தெரியாது. உள்ளே போனவள் திரும்பவில்லை. அவள் ஊர் திருச்சி, எடமலைப்பட்டி புதூர். அங்கேயே கொண்டுபோகலாம் என்று அவள் அப்பா அழகர்சாமி சொன்னார். ஆம்புலன்ஸில் கொண்டுபோனோம். காவேரிக்கரை ஓயாமரியில் எரித்தோம். மாலைகள் ஓசூரில் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தன. அன்றைக்கு யாருக்கும் அவற்றின் ஞாபகம் வரவில்லை.

கல்யாண மாலைகளைப் பத்திரப்படுத்தி வைத்திருந்து, முதல் ஆடிப்பெருக்குக்குப் புருஷனும் பெண்டாட்டியுமாகப் போய்க் காவேரியில் விடுவது அவர்கள் பக்கத்து வழக்கம். தலை ஆடி என்பார்கள். பெண்டாட்டி இல்லாவிட்டால் மாலையை என்ன செய்வது என்பதற்கு ஆளுக்கொரு பதில் சொன்னார்கள். கிணற்றில் போடு என்றாள் என் அம்மா. கோயில் மரத்தில் கட்டிவிடு என்றார் எங்கள் தெருவில் இருக்கும் பாலு. கம்பெனியில் ஒருவன் யூடியூபில் தேடிப் பார்த்தான்.

வைஷ்ணவியின் அம்மா அழகம்மாள்தான் போன் செய்தார்.

“மாப்ள, பதினெட்டுக்கு உங்க தெருவுலேர்ந்து வேன் வருதாமே?”

“நான் வரல அத்தை.”

“நீங்க வர வேணாம்னுதான் நானும் நெனச்சேன். ஆனா மாலை அங்க தொங்குதே.”

நான் சுவரில் தொங்கிய மாலைகளைத் திரும்பிப் பார்த்தேன்.

“ரெண்டையும் எடுத்துக்கிட்டு வாங்க. உங்க கையால விடணும். யார்கிட்டயும் குடுத்து அனுப்பிடாதீங்க. அது தொங்குற வரைக்கும் எனக்கு அவ மணவறைல உக்காந்திருக்கற மாதிரியே இருக்கு. அழலாம்னா அழுகையே வர மாட்டேங்குது.”

“சரி அத்தை.”

“உங்க கையால.”

“சரி.”

வேன் ஏற்பாடு பாலுவுடையது. எங்கள் கம்பெனி ஸ்டோரில் இருக்கிறார். வருஷா வருஷம் ஆடிப்பெருக்குக்குத் தெருக்காரர்களை ஒகேனக்கல்லுக்குக் கூட்டிப்போவார். “எங்க ஊருக்கு வந்து பாருங்க, அதெல்லாம் ஒரு ஆறா” என்று இந்த வருஷம் அவரைக் கிளப்பிவிட்டவள் வைஷ்ணவி. அவள் போன பிறகும் அவர் திட்டத்தை மாற்றவில்லை. மாற்றினால் நன்றாக இருக்காது என்று நினைத்திருப்பார். என்னிடம் ஒருமுறை கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் ஒரு சீட் போட்டு வைத்திருந்தார்.

வேனுக்குள் எல்லாரும் சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் ஏறியதும் குறைந்தது. சுரேஷ்குமாரின் அம்மா மயிலம்மாள் வழியோரம் உட்கார்ந்திருந்தார். அவரைத் தாண்டித்தான் பின்னால் போக வேண்டும். முந்தானையை இழுத்து மடியில் போட்டுக்கொண்டார். “யமுனா, நீ ஜன்னல் பக்கம் போ” என்று மருமகளை உள்ளே தள்ளினார்.

யமுனா நகர்ந்தாள். என்னைப் பார்த்து, “வாங்க அண்ணா” என்றாள்.

“பையெல்லாம் முன்னால எஞ்சின் மேல வச்சிருங்கப்பா, கால்ல இடறும்” என்றார் பாலு. என் பையை வாங்கி அங்கே வைத்தார்.

பின் சீட்டில் நான் தனியாக உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் அடுத்த வீட்டு லூர்துராணி டீச்சர் எழுந்து வந்தார்.

“தள்ளி உக்காருங்க தம்பி. எனக்கு ஒண்ணரை சீட்டு வேணும்.”

தள்ளினேன்.

“சர்ச்சுக்குப் போறவளுக்கு ஆத்துல என்ன வேலைன்னு பாக்காதீங்க. எனக்குப் புளியோதரை வேலை.”

சிரிக்க வேண்டிய இடம். சிரித்தேன் என்று நினைக்கிறேன். அவர் பிறகு பேச்சுக் கொடுக்கவில்லை. நாமக்கல் வரை தூங்கினார். தலை என் தோளில் விழுந்தது. நான் அசையவில்லை.

வைஷ்ணவி தன் ஊரைப் பற்றி நிறையச் சொல்லியிருக்கிறாள். மன்னார்புரம் ரவுண்டானாவில் நின்றால் தமிழ்நாடு பூராவும் நம்மைச் சுற்றிப் போகும் என்பாள். ஓசூரில் யாரும் யாரோடும் சண்டை போடுவதில்லை, அதனால் ஊருக்கு உயிரே இல்லை என்பாள். நான் அந்த ஊருக்குப் போனவரைக்கும் எனக்குத் தலைவலிதான் வந்தது. கல்யாணத்துக்கு முதல் நாள் சத்திரம் பஸ் ஸ்டாண்டில் ஆட்டோ கிடைக்காமல் பெட்டியோடு நின்றேன். ஒரே நேரத்தில் எல்லாப் பஸ்ஸும் ஹாரன் அடித்தன. அவளிடம் சொன்னேன். “பழகிடும், ரெண்டு வருஷம் குடுங்க” என்றாள்.

முசிறி தாண்டியதும் காவேரி தெரிந்தது. வேனில் எல்லாரும் அந்தப் பக்கம் சாய்ந்தார்கள். யாரோ கைதட்டினார்கள். தண்ணீர் கரையைத் தொட்டு ஓடியது. நான் எதிர்ப்பக்கம் இருந்த வாழைத்தோப்புகளைப் பார்த்தேன்.

டிரைவர் மருதை லால்குடிக்காரர். “டோல்கேட்டு வரைக்கும்தான் நான் டிரைவரு. அதுக்கப்புறம் நானும் உங்கள மாதிரி ஒரு பயணிதான்” என்றார்.

“அப்ப வண்டிய யாரு ஓட்டுவா?” என்றார் லூர்துராணி.

“பின்னாடி வர்றவன் ஹாரன் அடிச்சு ஓட்டுவான்.”

அவர் சொன்னது சரி. நம்பர் ஒன் டோல்கேட்டில் வண்டி நின்றது. பஸ், வேன், டாடா ஏஸ், மூன்று பேர் உட்கார்ந்த பைக்குகள். ஒரு டிராக்டர் நிறையப் பெண்கள். எதிர்த் திசையில் ஒரு மாட்டுவண்டி. ஒவ்வொருவரும் கொஞ்சம் இடம் இருந்தால் அதில் மூக்கை நுழைத்தார்கள். ஹாரனை அடிப்பவர்களுக்கு அதனால் பயன் ஏதும் இருப்பதாகத் தெரியவில்லை. கொள்ளிடப் பாலத்தைக் கடப்பதற்குள் வேனில் குழந்தைகள் அழ ஆரம்பித்தன. ஸ்ரீரங்கத்துக்குள் போலீஸ்காரர் கையை ஆட்டிப் பஞ்சக்கரைப் பக்கம் திருப்பிவிட்டார். அங்கே மைதானத்தில் வண்டியை விட்டுவிட்டு நடக்கச் சொன்னார்கள்.

இறங்குகிற அவசரத்தில் பாலு முன்னால் நின்று பைகளை எடுத்து நீட்டினார். “இது யாருது? தூக்குச் சட்டி யாருது? கல்யாணப் பை யாருது?”

மயிலம்மாள் வாங்கிக்கொண்டார்.

“இந்தாங்க தம்பி உங்க பை” என்றார் பாலு.

நான் வாங்கிக்கொண்டேன். எடை ஒன்றும் இல்லை. பார்க்கவில்லை.

ராஜகோபுரத்தைத் தாண்டி அம்மாமண்டபம் சாலைக்குள் நுழைந்த பிறகு நடக்கவே வேண்டியிருக்கவில்லை. பின்னாலிருந்து தள்ளுவார்கள். போவோம். மஞ்சள் கயிறு, கருகமணி, காதோலை, பேரிக்காய், நாவல்பழம் எல்லாவற்றையும் தரையில் குவித்துப் போட்டு ஆளுக்கொரு மைக்கில் விற்றார்கள். ஒரு மைக் ‘வாங்கம்மா வாங்க’ என்றது. இன்னொரு மைக்கில் பையனைக் காணவில்லை என்று அறிவித்தார்கள். சிவப்புச் சட்டை, பெயர் பாலமுருகன், அப்பா எங்கிருந்தாலும் மண்டபத்துக்கு வரவும். மூன்றாவதில் அம்மன் பாட்டு. காலில் யார் யாரோ மிதித்தார்கள். ஒரு கிழவர் என் முதுகில் கைவைத்து, என்னை ஒரு கதவைப் போலத் தள்ளிவிட்டு முன்னால் போனார்.

எனக்கு அந்த இடம் பிடிக்கவில்லை. திரும்பிப் போய் வேனில் உட்கார்ந்துவிடலாம் போல இருந்தது. அதே நேரம், பங்குனிக்குப் பிறகு என்னைச் சாதாரணமாக மிதித்தவர்கள் இவர்கள்தான். ஓசூரில் எல்லாரும் எனக்கு வழிவிட்டு ஒதுங்கி நிற்கிறார்கள். லிப்டில்கூட. இங்கே ஒருவருக்கும் தெரியாது. “அண்ணே, நவுருங்க, பொம்பளைங்க வர்றோம்ல” என்று ஒரு பெண் முழங்கையால் இடித்தாள். நகர்ந்தேன். நன்றாகத்தான் இருந்தது. அப்படி இருந்ததும் பிடிக்கவில்லை.

படித்துறை மேலிருந்த அம்மாமண்டபத்தின் தூண் ஒன்றில் சாய்ந்து அழகம்மாள் உட்கார்ந்திருந்தார். புதூரிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருந்தார். மடியில் காப்பரிசித் தூக்கு. பச்சையில் பழைய பட்டு. நெற்றியில் பெரிய குங்குமம். வைஷ்ணவியைவிட உயரம். அவளுடைய காதுகள்.

“வாங்க மாப்ள. சாப்டீங்களா?”

“நாமக்கல்ல சாப்ட்டோம் அத்தை. மாமா வரலியா?”

“அவரு வர மாட்டேன்னுட்டாரு. ஓயாமரிப் பக்கம் பாக்க வேண்டி வரும்னு.” என் கையைப் பார்த்தார். “கொண்டாந்துட்டீங்கள்ல?”

“இருக்கு.”

“கூட்டம் கொஞ்சம் அடங்கட்டும். மொதல்ல புது ஜோடிங்க எல்லாம் எறங்கட்டும். நாம அவசரப்பட வேணாம்.”

மயிலம்மாள் முட்டிவலி என்று எங்களுக்குச் சற்றுத் தள்ளி இன்னொரு தூணடியில் உட்கார்ந்துகொண்டார். சுரேஷ்குமாரும் யமுனாவும் படியிறங்கினார்கள். பாலு போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பின்னால் போனார். இரும்புத் தடுப்புக்கு அப்பால் ஒரு பெண் போலீஸ் கத்திக்கொண்டிருந்தார். “மாலைய போட்டுட்டு மேல ஏறுங்க! முழுகாதீங்க! ஆழம்! ஏய் செல்பி, உன்னத்தான், ஏறு மேல!”

படிகளில் கால் வைக்க இடமில்லை. வாழையிலையில் விளக்கு, மண் பிள்ளையார், பழம். ஒருவர் வைத்த விளக்கை அடுத்தவர் கால் அணைத்தது. அணைத்தவரே குனிந்து ஏற்றிவிட்டுப் போனார்.

கொஞ்ச நேரம் கழித்து அழகம்மாள், “எடுங்க, ஒரு தடவ பாத்துக்கறேன்” என்றார்.

முடிச்சை அவிழ்த்தேன். நான் போட்ட முடிச்சு இல்லை. உள்ளே பாலித்தீன் கவர் இருந்தது. நான் கவர் போடவில்லை. கவருக்குள் கருத்துப்போன ரோஜா இதழ் மாலைகள் இரண்டு. பிளாஸ்டிக் முத்துகள். ஓசூர் ரோஜா.

எனக்குப் புரிய நேரம் பிடித்தது. பையின் வெளிப்பக்கத்தைப் பார்த்தேன். ‘சுரேஷ்குமார் – யமுனா.’ சரியாகத்தான் இருந்தது. அவர்கள் பை. என்னுடையதும் அவர்கள் பைதான்.

“என்ன மாப்ள இது?”

“மாறிடுச்சு அத்தை.”

“எது?”

பதில் சொல்வதற்குள் பாலு மேலே ஏறி வந்தார். முழங்கால் வரை ஈரம். “மயிலம்மா, பாருங்க, உங்க புள்ளைங்களப் பாருங்க” என்று போனை மயிலம்மாளிடம் காட்டினார். கண்ணாடி இல்லாமல் தெரியவில்லை என்றார் மயிலம்மாள். பாலு எங்கள் பக்கம் திரும்பினார். “நீங்க பாருங்கம்மா. நல்லா வந்திருக்கு.”

நாங்கள் பார்த்தோம். சுரேஷ்குமார் இடுப்பு வளையக் குனிந்து நிற்கிறான். யமுனா கண்ணை மூடிக் கும்பிடுகிறாள். ‘போடுங்க, போடுங்க, ஏறுங்க’ என்று போலீஸ் குரல். அவன் போலீஸைத் திரும்பிப் பார்த்தபடியே பையைத் தலைகீழாகக் கவிழ்க்கிறான். இரண்டு மாலைகளும் ஒன்றாக விழுகின்றன. பழுப்புச் சம்பங்கி, இடையிடையே வெட்டிவேர், அடியில் பச்சை ஜரிகைக் குஞ்சம். ‘யமுனா, கண்ணத் தொறம்மா, படம் எடுக்கறேன்’ என்கிறார் பாலு. அவள் கண்ணைத் திறப்பதற்குள் மாலைகள் போய்விடுகின்றன. அவள் சிரிக்கிறாள். அவன் அவள் முகத்தில் தண்ணீர் தெளிக்கிறான். வீடியோ முடிந்தது.

“அருமைல்ல?” என்றார் பாலு.

“அருமை” என்றேன்.

அவர் அடுத்த ஆளிடம் காட்டப் போனார். அழகம்மாள் என் மணிக்கட்டைப் பிடித்திருந்தார்.

“அது என் புள்ள மாலை.”

“ஆமா அத்தை.”

“சாத்தார வீதிப் பூக்கடைல நான் பக்கத்துல உக்காந்து வெட்டிவேர் வச்சுக் கட்டச் சொன்ன மாலை. குஞ்சம் நான் எடுத்துக் குடுத்தது.”

“பை ஒரே மாதிரி இருந்திச்சு. நான் பாக்காம வாங்கிட்டேன்.”

“குப்பை கொட்டற மாதிரி கொட்டறான் மாப்ள. கவுத்துக் கொட்டறான். ஒரு கும்புடு இல்ல.” குரல் உயர்ந்தது. “அந்தப் பையனக் கூப்புடுங்க. அவன்கிட்ட நான் கேக்கணும். எங்க வீட்டு மாலை அதுன்னு சொல்லணும்.”

“அவங்களுக்குத் தெரியாது அத்தை.”

“தெரியட்டும். தெரிஞ்சா என்ன? நம்ம மாலைன்னா பாவமா?”

தெரிந்தால் மயிலம்மாள் இந்தப் படியிலேயே உட்கார்ந்து தலையில் அடித்துக்கொள்வார். தலை ஆடிக்கு, செத்தவள் மாலையைத் தன் மகனும் மருமகளும் ஆற்றில் விட்டார்கள் என்று. யமுனாவுக்கு இனி ஒரு தலைவலி வந்தாலும் அதைச் சொல்வார்கள். எனக்கு அது தெரிந்தது. ஆனால் அழகம்மாள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. நான் கையை விடுவித்துக்கொள்ளவில்லை. தடுக்கவும் இல்லை. அவர் எழுந்தார். தூக்கு உருண்டது. மயிலம்மாள் உட்கார்ந்திருந்த தூணைப் பார்த்து நடந்தார். நான் தூக்கை எடுத்துக்கொண்டு பின்னால் போனேன்.

அதே நேரம் யமுனாவும் சுரேஷ்குமாரும் மேலே வந்துவிட்டார்கள். அழகம்மாள் அவர்களுக்கு எதிரே போய் நின்றார். வாயைத் திறந்தார்.

யமுனா முந்திக்கொண்டாள். “நீங்க வைஷ்ணவி அக்காவோட அம்மாதானே? காதப் பாத்தாலே தெரியுது.” ஈரக் கையோடு அழகம்மாளின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். “உங்களத்தான் தேடிக்கிட்டிருந்தேன். கயிறு நீங்கதான் கட்டி விடணும்.”

தாலிக்கயிற்றை மாற்றுகிற நாள். சுமங்கலி யாராவது புது மஞ்சள் கயிறு கட்டிவிட வேண்டும். மயிலம்மாளுக்குக் கணவர் இல்லை.

“அவங்கள ஏம்மா தொந்தரவு பண்ற?” என்றார் மயிலம்மாள் தூணடியிலிருந்து. “அவங்களே மனக் கஷ்டத்துல இருக்காங்க. வேன்ல வந்தவங்க யாரையாச்சும் கூப்புடு. டீச்சர்கூட இருக்காங்க.”

“நான் கட்டினா செல்லாது மயிலம்மா” என்றார் லூர்துராணி. நாவல்பழம் தின்று அவர் நாக்கு நீலமாக இருந்தது. “எங்க சாமி நோட்டம் பாக்கும்.”

யமுனா கேட்கவில்லை. “மாசிலயே அக்கா சொல்லிட்டாங்க அத்தை. எங்கம்மாவுக்குக் கைராசி, ஒனக்கும் எனக்கும் அவங்கதான் கட்டி விடுவாங்க, வரிசைல நிக்கணும், நான்தான் மொதல்லன்னு.”

அவள் அதைச் சிரித்துக்கொண்டுதான் சொல்ல ஆரம்பித்தாள். முடிக்கும்போது சிரிப்பு இல்லை. மஞ்சள் கயிறு அவள் கையில் நீட்டியபடி இருந்தது.

அழகம்மாள் அதைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். என் கையில் இருந்த பையைப் பார்த்தார். சுரேஷ்குமார் என்னிடம், “என்னண்ணா, நீங்க இன்னும் எறங்கலியா?” என்று கேட்டான். தோளில் காலிப் பையைப் போட்டிருந்தான். அதிலிருந்து தண்ணீர் சொட்டியது.

“போவணும்” என்றேன்.

அழகம்மாள் கயிற்றை வாங்கிக்கொண்டார். “கெழக்கப் பாத்து நில்லு” என்றார். யமுனா திரும்பி நின்று கூந்தலை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள். கழுத்துக்குப் பின்னால் அழகம்மாளின் விரல்கள் முடிச்சுத் தேடின. முதல் முடிச்சு நழுவியது. மறுபடி போட்டார். மூன்று முடிச்சு. குங்குமம் எடுத்து வகிட்டில் வைத்தார். “நல்லா இரு” என்றார். தலையில் கைவைத்து, எடுக்காமல் நின்றார். யமுனா காலில் விழுந்தாள். சுரேஷ்குமாரும் விழுந்தான். அவனுக்கும் தலையில் கை வைத்தார்.

மயிலம்மாள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

பாலு கை தட்டினார். “புளியோதரை வேன்ல இருக்கு. ஆளுக்கு ஒரு பொட்டலம். சாப்ட்டு மலைக்கோட்டை. யாரும் காணாமப் போயிடாதீங்க, மைக்கில சொல்ல மாட்டேன்.” எல்லாரும் கிளம்பினார்கள். லூர்துராணி மட்டும் ஒருமுறை திரும்பி, என்னையும் பையையும் பார்த்தார். ஏதோ கேட்க வந்தவர், “உங்க பொட்டலத்த எடுத்து வைக்கறேன் தம்பி” என்று சொல்லிவிட்டுப் போனார்.

நாங்கள் இருவரும் ரோஜா மாலைகளோடு நின்றோம்.

“இத அவங்ககிட்டக் குடுத்துடலாமா?” என்றேன்.

“குடுத்தா தெரிஞ்சுடும்.”

“அப்ப நான் விட்டுடறேன்.”

“நீங்க தொடாதீங்க” என்றார் சட்டென்று. பிறகு குரலைத் தணித்தார். “தப்பா எடுத்துக்காதீங்க மாப்ள. வாழற புள்ளைங்க மாலை. நீங்க விடக் கூடாது.”

“சரி அத்தை.”

“குடுங்க. நான் கயிறு கட்டினவ. நான் விடலாம்.”

பையைக் கொடுத்தேன். இறங்கினோம். அவர் பட்டுப்புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கடைசிப் படியில் நின்றார். கவரைப் பிரித்து மடித்து இடுப்பில் வைத்துக்கொண்டார். ஒரு மாலையை இரண்டு கையாலும் எடுத்துக் கண்ணில் ஒற்றினார். குழந்தையைத் தொட்டிலில் போடுவதுபோலத் தண்ணீரில் வைத்தார். அடுத்ததையும் அப்படியே. வாய் அசைந்தது. என்ன சொன்னார் என்று கேட்கவில்லை. மைக்கில் பாலமுருகனின் அப்பா வந்துவிட்டதாக அறிவித்தார்கள். இதழ்கள் உதிர்ந்து தனியாக மிதந்தன. நார் மட்டும் வேகமாகப் போனது.

“அம்மா, போட்டாச்சுல்ல, ஏறுங்க!” என்று அந்தப் பெண் போலீஸ் கத்தினார்.

“ஏறறேன் தாயி, ஒரு நிமிஷம் குடு.”

அவர் கிழக்கே பார்த்துக்கொண்டிருந்தார். ஆறு அந்தப் பக்கம்தான் போகிறது. பாலத்துக்கு அப்பால், எதிர்க்கரையில் ஓயாமரி.

“அவளுது எவ்வளவு நேரத்துக்கு முன்னால போச்சு மாப்ள?”

“ஒரு அரைமணி நேரம் இருக்கும்.”

“அப்ப ஓயாமரியத் தாண்டியிருக்கும்.”

“தாண்டியிருக்கும் அத்தை.”

“அவ பக்கத்துலயே போயிருக்கும்ல?”

“ஆமா.”

அப்போது அவர் அழ ஆரம்பித்தார். சத்தமாக. கூட்டத்தில் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. பக்கத்தில் ஒரு பெண் அழகம்மாளின் முதுகுக்குப் பின்னால் கையை நீட்டித் தன் விளக்கைத் தண்ணீரில் விட்டாள். நான் தூக்கைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எனக்கு அழுகை வரவில்லை. அவருக்காவது வந்ததே என்று இருந்தது. நான் அங்கு வந்ததற்கு அது போதும் போலவும், எனக்கு ஒன்றுமே கிடைக்காதது போலவும் இருந்தது. என் கையால் விடச் சொன்னார். நான் எதையும் விடவில்லை.

அழுது முடித்து மூக்கைச் சிந்தினார். முகம் கழுவினார்.

“எறங்கி வாங்க மாப்ள.”

“எதுக்கு அத்தை? விட ஒண்ணும் இல்லியே.”

“சும்மா கைய நனைங்க. ஒரு வார்த்த சொல்லுங்க அவகிட்ட. நீங்க ஒண்ணுமே பேசலியே. ஓயாமரிலயும் பேசல. பதினாறாம் நாளும் பேசல.”

ஷூவைக் கழற்றவில்லை. அப்படியே இறங்கினேன். தண்ணீர் குளிராக இல்லை. வெயிலில் சூடேறியிருந்தது. இழுப்பு இருந்தது. குனிந்து வலது கையை மணிக்கட்டு வரை விட்டேன். விரல்களுக்கு இடையில் ஒரு ரோஜா இதழ் வந்து ஒட்டியது. உதறினேன். போய்விட்டது.

ஒரு வார்த்தை. யோசித்துப் பார்த்தேன். ‘போய் வா’ என்று சொல்லலாம். சினிமாவில் சொல்வார்கள். ‘மன்னிச்சுக்க’ என்று சொல்லலாம். எதற்கு என்று கேட்பாள். பெயரைச் சொல்லிக் கூப்பிடலாம் என்று வாயைத் திறந்தேன். பின்னால் ஹாரனும் மைக்கும் அம்மன் பாட்டும் ஒன்றாகக் கேட்டன. பெண் போலீஸ், “ஷூ போட்ட தம்பி, உங்களத்தான்!” என்றார். என்னிடம் சொல்வதற்கு எதுவும் இல்லை. அவள் சொன்னதுதான் ஞாபகம் வந்தது.

ஆஸ்பத்திரியில் தியேட்டர் கதவைத் திறந்துவிட்டார்கள். பச்சைத் துணி போர்த்தித் தள்ளுவண்டியில் படுத்திருந்தாள். வண்டி உள்ளே போகிற நேரத்தில் தலையை மட்டும் திருப்பி என்னைப் பார்த்தாள்.

“மூஞ்சிய இப்படி வச்சுக்காதீங்க. நர்ஸு பயந்துடப் போவுது.”